ஆவிகள் உறையும் மலைகள்

நமது வீட்டு அலுமாரியிலே பழைய தேசப்படப் புத்தகம் ஒன்று உண்டு. அட்டை கிழிந்து, முதுகிலே துணி ஒட்டப்பெற்று, மூன்று தலைமுறையினர் கைபட்டு நைந்த புத்தகம் அது. சென்ற விடுமுறையின்போது நம் தமையனாரின் மகள், பள்ளியிற் புவியியல் கற்பவள், அதனை எடுத்துத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, வட அமெரிக்காவின் கீழைக் கரையை விரலாலே தடவியவாறு வடக்கு நோக்கிச் சென்றாள். நியூயோர்க், பொஸ்ரன், ஹலிபக்ஸ் என நெருங்கி நின்ற பெயர்கள் மேலே செல்லச் செல்ல அருகின. நியூபவுண்லாந்துத் தீவைக் கடந்து, லாபிரடோர்க் கரையோடு ஏறி, ஊங்காவா விரிகுடாவுக்கும் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் இடையே கொம்புபோல ஒடுங்கி நீளும் நிலத்தை அடைந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. அவ்விடத்திலே கபில நிறம் சிறிது தீற்றப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் ஒன்றேனும் இல்லை.

"இங்கே ஒருவரும் இருப்பதில்லையோ, சித்தப்பா?" என்று கேட்டாள்.

வினா சிறிது, விடை சிறிதன்று. அதனைத் தேடப் புகுந்த நாம் பல மாலைப்பொழுதுகளை நூல்களோடும் படங்களோடும் கழித்தோம். அம்மலைகளை நாம் நேரிற் கண்டதில்லை. காணும் வாய்ப்புக் கிட்டுமென்று நம்புவதற்கும் இல்லை. எனினும், கற்றவற்றுட் சிலவற்றைச் சொன்னபோது சிறுமியின் கண்கள் விரிந்தன. ஆதலின், ஞாயிறுதோறும் இப்பகுதியைப் புரட்டும் அன்பர்களுக்கும் அவற்றைச் சொல்லலாமெனத் துணிந்தோம்.

கனடா நாட்டின் வடகீழ் மூலையிலே, லாபிரடோர்த் தீபகற்பத்தின் உச்சியில் எழுந்து நிற்பது தோர்ங்காட் மலைத்தொடர். தெற்கே ஹெப்ரோன் என்னும் பழைய ஊரின் அயலிலே தொடங்கி, வடக்கே சிட்லி முனையையும் கில்லினிக் தீவையும் சென்று தொடுகின்றது. வட அகலாங்கு 58 பாகை தொடக்கம் 60 பாகைக்குச் சற்று அப்பால் வரை அதன் நீட்சி. அங்குச் செல்வதற்குத் தெருவும் இல்லை, புகையிரதமும் இல்லை. கோடையிலே படகு, அன்றேல் சிறு விமானம். குளிர்காலத்திலே உறைந்த கடலே பாதை.

'தோர்ங்கைட்' என்பது அந்நிலத்துக்குரிய இனுயிட் மக்களின் மொழியிலே 'ஆவிகளின் இடம்' எனப் பொருள்படும். அச்சொல்லையே வெள்ளையர் தம் வாய்க்கேற்பத் தோர்ங்காட் என்றனர். எல்லா ஆவிகளுக்கும் தலைவனாகிய தோர்ங்கார்சோவாக் பேருருக்கொண்ட வெண்கரடியாக அம்மலைகளில் வாழ்கின்றான் என்றும், கடல்வாழ் உயிர்களெல்லாம் அவன் ஆணைக்கு அடங்கியவை என்றும் அம்மக்களின் முன்னோர் நம்பினர். வேட்டை வாய்க்காதபோது பூசாரிகள் அவனை நாடினர். அவன் பெயரைத் தாங்கிய சிகரம் ஒன்று இன்றும் உண்டு.

ஆயினும் அத்தொடரின் மிகவுயர்ந்த சிகரம் அதுவன்று. 1652 மீற்றர் உயர்ந்த மற்றொன்றே அப்பெருமைக்கு உரியது. கனடாவின் பெருநிலப்பரப்பிலே றொக்கி மலைகளுக்குக் கிழக்கே அதனை விஞ்சியது வேறில்லை. அதற்குப் பெயர் இரண்டு. இதற்கொரு வழக்கு வரலாறு உண்டு. மழைநீர் அத்திலாந்திக் பக்கமாக வழிந்தோடும் நிலம் லாபிரடோருக்கு உரியதென்று இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் 1927இல் தீர்த்தது. அதனால் மலைமுகடே எல்லையாயிற்று. கியூபெக் மாகாணத்தார் அத்தீர்ப்பை இன்றளவும் மனமார ஏற்றதில்லை. எல்லையின்மேலே நிற்கும் அச்சிகரத்துக்கு 1971இல் அவர்கள் 'டிபர்வில்' என்று பிரெஞ்சு வீரன் ஒருவனின் பெயரை இட்டனர். பத்தாண்டு கழித்து மற்றைப் பக்கத்தார் 'கோப்விக்' என்றனர்.

கோப்விக் யார்? அவள் ஓர் இனுயிட் பெண். 1772இல் ஜோர்ஜ் கார்ட்ரைட் என்னும் ஆங்கில வணிகன் லாபிரடோரிலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற ஐவருள் ஒருத்தி. இலண்டன் மாநகரம் அவர்களை வியந்து பார்த்தது. அவர்களும் அதனை வியந்து பார்த்தனர். மறுவருடம் திரும்புங்காலத்திற் பெரியம்மை கண்டு நால்வர் மாண்டனர். உயிரோடு தன் கரையை மீண்டும் கண்டவள் கோப்விக் ஒருத்தியே. அச்சிகரத்தின் உச்சியிலே மலையேறிகள் இருவர் முதன்முதலாக அடிவைத்ததாகப் பதிவுற்றிருப்பது 1973இலேதான். இமயத்தின் எவரெஸ்ட் சிகரம் ஏறப்பட்டு இருபது ஆண்டு கழிந்த பின்னர் என்பதை நினைக்குமிடத்து, இத்தொடர் உலகின் கண்ணுக்கு எத்துணைத் தொலைவில் இருந்தது என்பது விளங்கும்.

அவ்வளவு தொலைவோ? தேசப்படத்தை மீண்டும் நோக்குமாறு சிறுமியிடம் கூறினோம். அதே அகலாங்கிலே கிழக்கு நோக்கிச் சமுத்திரத்தைக் கடந்து செல்லும் விரல் ஒஸ்லோ நகரையும் ஸ்ரொக்ஹோம் நகரையும் சென்று தொடும். அங்கே மாநகரங்கள், சோலைகள், பழத்தோட்டங்கள். இங்கே ஒரு மரமும் இல்லை. காரணம் கடல். ஐரோப்பியக் கரையைத் தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டம் தழுவிச் செல்கின்றது. லாபிரடோர்க் கரையையோ வடமுனைப் பக்கத்திலிருந்து இறங்கும் குளிர் நீரோட்டம் உராய்ந்து செல்கின்றது. கிறீன்லாந்துக் கரையிற் பிறந்த பனிமலைகள் அந்நீரோட்டத்தின்மேல் மிதந்து, தோர்ங்காட் மலைகளின் அடிவாரத்தைக் கடந்து, தெற்கே நியூபவுண்லாந்து வரை ஊர்வலம் செல்லும். அங்கே வெப்ப நீரும் குளிர் நீரும் சந்திக்குமிடத்தில் உலகப் புகழ்பெற்ற மூடுபனி எழும்.

அம்மூடுபனியை நம்மவருட் சிலர் ஏட்டிலன்றி உடலாலே அறிவர். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கப்பலொன்றினால் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட இலங்கைத் தமிழர் 155 பேர், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருங்கி அமர்ந்து, நியூபவுண்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மூடுபனியினூடே அலைந்தனர். மீன்பிடிக்க வந்த உள்ளூர்ப் படகோட்டி ஒருவர் கண்டு அவர்களை மீட்டார். தோர்ங்காட் மலைகளின் கீழைச் சரிவு உள்ளடங்கிய அதே மாகாணந்தான் அது. அச்செய்தி வெளிவந்த நாளிலேதான் நமது வீடுகள் பலவற்றில் லாபிரடோர் என்ற பெயர் முதன்முறை உச்சரிக்கப்பட்டது.

மலைகளுக்குத் திரும்புவோம். உயரத்தை மட்டும் கேட்பவர்கள் இவற்றைப் பெரிதாக எண்ணமாட்டார்கள். ஆனால் மலையின் பெருமை அது எங்கிருந்து எழுகின்றது என்பதிலும் தங்கியுள்ளது. இவை கடலின் மடியிலிருந்தே எழுகின்றன. நுழைகழி என்று பாடநூல்களிற் படிக்கின்றோமே, நிலத்தைப் பிளந்துகொண்டு நெடுந்தூரம் உட்செல்லும் ஒடுங்கிய கடற்கை, அத்தகையவை இங்கு வரிசையாக உள்ளன. சாக்லெக், ராமா, நாக்வாக் என்பன அவற்றுட் சில. நாக்வாக் நுழைகழியின் இருமருங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. படகிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானம் ஒரு நாடாவாகச் சுருங்கித் தோன்றும் என்கின்றனர் கண்டோர்.

இவற்றைச் செதுக்கிய சிற்பி பனிக்கட்டி. பனிக்கட்டியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பள்ளத்தாக்குகளை உழுது, ஆழமாக்கி, அடிப்பகுதியை 'U' போன்ற அகன்ற வளைவாகக் கடைந்துவிட்டுச் சென்றன. பனிக்கட்டி உருகியபின் அப்பள்ளங்களிற் கடல் புகுந்தது. அப்பழைய ஆறுகளின் எச்சமாகச் சிறு பனிக்கட்டியாறுகள் சுமார் நூறு இன்றும் மலையிடுக்குகளில் ஒளிந்திருக்கின்றன. வட அமெரிக்கப் பெருநிலத்தின் கீழைப் பாதியில் வேறெங்கும் அவை இல்லை. அவற்றைக் காத்து நிற்பது உயரமன்று, நிழல். உயர்ந்த பாறைச் சுவரின் வடபுறத்தே வெயில் படாத மூலையில், காற்று வாரிக் கொட்டும் பனித்தூளை உணவாகக் கொண்டு உயிர் தரித்திருக்கின்றன. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அவற்றின் பரப்பிலே நான்கில் ஒரு பங்கு கரைந்துவிட்டதென அளந்தோர் கூறுவர்.

பனிக்கட்டி செதுக்கிய கல்லோ, நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாத முதுமையுடையது. சாக்லெக் அயலிலுள்ள பாறைகள் சில 360 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. சில 380 கோடி ஆண்டையும் தாண்டியவை எனப் புவிச்சரிதவியலார் கணிக்கின்றனர். புவிக்கே வயது சுமார் 454 கோடி ஆண்டு. அப்பாறைகளை இரு பெரும் நிலத்தட்டுகள் ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றோடொன்று மோதி நெருக்கி மடித்தன. அன்று எழுந்த மலைகள் தேய்ந்தொழிந்தன. பின்னர், கிறீன்லாந்து பிரிந்து விலகி லாபிரடோர்க் கடல் திறந்தபோது கரையோர நிலம் மீண்டும் உயர்ந்தது. நாம் இன்று காண்பது அவ்வாறு உயர்ந்து பனியாற் செதுக்கப்பட்ட நிலத்தை. உயிர் தோன்றியதற்கான மிகப் பழைய சுவடுகளையும் இப்பாறைகளில் ஆராய்ச்சியாளர் சிலர் தேடுகின்றனர்.

மரமில்லை என்றோம், உயிரில்லை என்றோமல்லோம். ஹெப்ரோனுக்குத் தெற்கே காடு முடிவடைகின்றது. அதற்கப்பால் தண்டரா நிலம்: பாசி, கல்லீரம், முழங்காலுக்கு உயராத குறும்புதர், கோடையின் சில வாரங்களிற் பூத்துக் குலுங்கும் சிறு செடிகள், நிலத்தோடு படர்ந்து பழுக்கும் காட்டுப்பழங்கள். கரிபூ என்னும் மான் கூட்டங்கள் பள்ளத்தாக்கு வழியாக ஏறி இறங்கும். கரையிலே வெண்கரடி உலாவும். காட்டுக்கே உரியதென நாம் நினைக்கும் கருங்கரடியும் இங்கே மரமற்ற வெளியில் வாழப் பழகிவிட்டது. ஆனால் உண்மையான செல்வம் நிலத்திலன்று, கடலிலே. குளிர்ந்த நீர் உயிர்ச்சத்து மிக்கது. கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் அதில் நிறைந்தன. அவற்றை நாடி மனிதர் வந்தனர்.

எப்பொழுது வந்தனர்? ராமா விரிகுடாவின் அயலிலே கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சாம்பல் நிறக் கல்லொன்று கிடைக்கின்றது. உடைத்தாற் கத்திபோற் கூர்மை பெறும். கல்லாயுதம் செய்வோர்க்கு அது பொன்னினும் அரியது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கல்லைத் தேடி மலையேறினர். கை மாறிக் கை மாறி அது தெற்கே நெடுந்தூரம், இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிவரை சென்றிருக்கின்றது. தேசப்படத்திற் பெயரில்லாத அக்கரையிலிருந்து ஒரு சரக்கு, பெயர் பெற்ற நகரங்கள் எவையும் தோன்றுமுன்னரே உலகுக்குப் போயிற்று. கரையோரம் எங்கணும் கூடாரத்தைச் சுற்றி அடுக்கிய கல்வட்டங்களும், மண்ணும் புல்லும் திமிங்கில எலும்பும் கொண்டு எழுப்பிய வீடுகளின் அடித்தடங்களும், கற்குவியலாலான கல்லறைகளும் இன்றும் காணப்படுகின்றன. மலைக்கு அப்பாலும் இப்பாலும் உறவு இருந்தது. மேற்கே ஊங்காவாவை நோக்கியோடும் கொரொக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே நாய்வண்டிகள் மலையைக் குறுக்கறுத்துச் சென்றன.

18ஆம் நூற்றாண்டிலே மொரேவியச் சபையைச் சேர்ந்த ஜேர்மானியப் போதகர்கள் அக்கரையில் இறங்கினர். இச்சபையார் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1760இல் தரங்கம்பாடியிலும் வந்து குடியேறி, சில பத்தாண்டுகள் இருந்து, நோயும் நட்டமும் தாங்காது விட்டுச் சென்றவர்கள். குளிர்நாட்டில் அவர்கள் நிலைத்தனர். 1771இல் நெயின் என்னுமிடத்திலே முதல் நிலையம். பின்னர் மலைகளின் வாயிலிலே 1830ஆம் ஆண்டளவில் ஹெப்ரோன். மரமற்ற அவ்வூருக்கு ஜேர்மனியிலே பலகை அறுத்து, பொருத்திப் பார்த்து, பிரித்துக் கப்பலேற்றிக் கொணர்ந்து நீண்ட கட்டிடமொன்றை எழுப்பினர். தேவாலயமும் போதகர் இல்லமும் பண்டசாலையும் ஒரே கூரையின்கீழ் அடங்கிய கட்டிடம் அது. எழுத்தும் இசையும் கற்பித்தனர். இனுயிட் மக்கள் வயலினும் ஊதுகொம்பும் பயின்று, ஐரோப்பாவின் பழந் தேவகீதங்களைத் தம் மொழியிலே பல குரலிற் பாடினர். மறுபுறம், பண்டசாலைக் கடன் அம்மக்களின் கழுத்தில் ஏறியது. முன்னோரின் ஆவிகளும் பறையும் பாவமென விலக்கப்பட்டன. கொடுத்ததையும் கொண்டதையும் சேர்த்தே கணக்கெழுத வேண்டும்.

அவ்வூரிலே ஏப்பிரகாம் என்றொருவர் இருந்தார். எழுதப் படிக்க வல்லவர். வயலின் வாசிப்பதில் தேர்ந்தவர். கார்ல் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானிய விலங்கு வணிகனின் ஆள் 1880இல் அங்கு வந்து, ஐரோப்பிய நகரங்களிலே மக்களுக்குக் காட்டுவதற்கு இனுயிட் குடும்பங்கள் வேண்டுமெனக் கேட்டான். போதகர்கள் தடுத்தனர். ஆயினும் கடனைத் தீர்க்கலாம், ஐரோப்பாவையும் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு ஏப்பிரகாம் தம் மனைவி, இரு பெண்மக்கள், உறவினரான இளைஞர் ஒருவர் ஆகியோருடன் கப்பலேறினார். வடக்கே நாக்வாக்கிலிருந்து வேறொரு குடும்பத்தார் மூவரும் சென்றனர். ஹம்பேர்க், பேர்லின், பாரிஸ்! மிருகக்காட்சிச்சாலைகளிலே வேலிக்குள் நின்று சனத்திரளுக்குத் தம் வாழ்க்கையை நடித்துக் காட்டினர். பெரியம்மைக்கான தடுப்பூசி காலங்கடந்தே இடப்பட்டது. 1881 சனவரி நடுப்பகுதிக்குள் எண்மரும் இறந்துபட்டனர். ஏப்பிரகாம் தம் மொழியில் எழுதிய நாட்குறிப்பின் மூலம் மறைந்தது. போதகர் செய்த மொழிபெயர்ப்பு எஞ்சியது. அவர்களுள் ஐவரின் எலும்புகள் பாரிஸ் நூதனசாலையில் இருப்பது 21ஆம் நூற்றாண்டிலே வெளிப்பட்டது.

ஹாகன்பெக் என்ற பெயரைக் கேட்டதும் அன்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இலங்கையரையும் அவ்வணிகன் அவ்வாறே ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டு சென்று காட்சிக்கு நிறுத்தியதுண்டு. அவனுடைய தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே தொழில் நடத்தியவன். அவன் விலங்குகளை வைத்திருந்த இடமே, அரசினர் 1936இல் ஏற்ற பின்னர், நம் பிள்ளைகள் சுற்றுலா சென்று களிக்கும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையாக வளர்ந்தது. நம் வீட்டுச் சிறுமியும் அங்கே யானையைக் கண்டு கைதட்டியவளே. இதைச் சொல்லியபோது அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

1918இல் போதகரின் கப்பலே இன்புளுவென்சாக் காய்ச்சலை அக்கரைக்குக் கொண்டுவந்தது. ஹெப்ரோனிலே பெரும்பாலோர் சில வாரங்களில் மாண்டனர். தெற்கேயிருந்த ஓகாக் என்னும் ஊர் எஞ்சியோரால் அடியோடு கைவிடப்பட்டது. ஹெப்ரோன் மட்டும் மெல்ல மெல்லத் தலைநிமிர்ந்தது.

இத்தனைக்குப் பின்னும் வெளியுலகின் படத்தில் அது வெறும் நிலமே. 1931இல் அமெரிக்கரான அலெக்சாந்தர் போர்ப்ஸ் என்பவர் விமானத்திலிருந்து படமெடுத்து அத்தொடரை ஒழுங்காக வரைந்தார். 1924இல் எவரெஸ்ட் சரிவிலே மலோரியையும் இர்வினையும் இறுதியாகக் கண்ட நோயெல் ஓடெல் என்பாரும் அக்குழுவிலே இருந்தார். எனினும் படம் வரைந்ததனால் அறிவு எல்லோரையும் எட்டிவிடுவதில்லை. 1942 டிசம்பர் 10ஆந் தேதி, கிறீன்லாந்திலிருந்து புறப்பட்ட அமெரிக்கப் போர்விமானம் ஒன்று வழிதவறி, எண்ணெய் தீர்ந்து, சாக்லெக் கரையிலே இறங்கியது. எழுவரும் உயிரோடிருந்தனர். மூவர் சிறு படகிலே தெற்கு நோக்கிச் சென்றனர், திரும்பவேயில்லை. நால்வர் விமானத்தின் பக்கத்திலே தங்கி, நாட்குறிப்பு எழுதிக்கொண்டு, உணவு குறைந்து குளிரில் ஒடுங்கினர். குறிப்பு பெப்ரவரித் தொடக்கத்திலே நின்றுவிடுகின்றது. சில பத்துக் கிலோமீற்றருக்குத் தெற்கே ஹெப்ரோன் இருந்தது. அங்கே அடுப்பு எரிந்தது, நாய்வண்டி இருந்தது, அந்நிலத்தின் ஒவ்வொரு கணவாயையும் அறிந்தவர்கள் இருந்தனர். அவ்வூர் அவ்வளவு அண்மையில் உண்டென்பது அந்த எழுவருக்கும் தெரியாது. இளவேனிலில் அவர்களின் உடல்களைக் கண்டெடுத்தவர்கள் இனுயிட் வேடர்களே.

மறுவருடம் ஒக்ரோபரில் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதே கரையிலே, இன்னும் வடக்கே, மார்ட்டின் விரிகுடாவிற் களவாக நுழைந்து, தானே இயங்கும் வானிலை நிலையமொன்றை நாட்டிச் சென்றது. காண்போரை ஏமாற்ற அமெரிக்கச் சிகரெட்டுப் பெட்டிகளையும் சிதறிவிட்டுச் சென்றனராம்! அக்கருவிகள் எவையென்று உலகம் உணர்ந்தது 1981இலேதான்; அவை இன்று ஒட்டாவா நகரிலுள்ள போர் நூதனசாலையில் உள்ளன. நாம் கருதத்தக்கது வேறொன்று. இனுயிட் மக்களின் கண்ணிற் பட்டுவிடக் கூடாதென்றே அத்துணை வடக்கில் இடந்தேர்ந்தனர் ஜேர்மானியர். பகைவன் அறிந்திருந்தான், அக்கரையில் ஆட்கள் உண்டென்று.

போர் முடிந்தது. 1949இல் லாபிரடோர் கனடாவோடு இணைந்தது. பாடசாலை, வைத்தியம், கடை, விறகு என்பவற்றை வடகோடிக்குக் கொண்டுசெல்வது பெருஞ்செலவு என்று அதிகாரிகள் கருதினர். 1956இல் நூட்டாக் என்னும் குடியிருப்பு மூடப்பட்டது. 1959இல் ஹெப்ரோனின் முறை வந்தது. போதகர் சபை வெளியேறும், கடை மூடப்படும், தாதியும் இருக்கமாட்டாள், ஆகவே எல்லோரும் தெற்கே செல்லவேண்டும் என்ற செய்தியை மக்களுக்கு அறிவித்த இடம் தேவாலயம். தேவாலயத்திலே எதிர்த்துப் பேசுவது தகாது என்பது அம்மக்களின் ஒழுக்கம். அவர்கள் பேசவில்லை. பேசாமையைச் சம்மதமென எழுதிக்கொண்டனர்.

இருநூறு பேருக்கு மேற்பட்டோர் அவ்வாண்டிலே புறப்பட்டனர். நெயின், ஹோப்டேல், மக்கோவிக் என்னும் ஊர்களிலே பிரித்துக் குடியேற்றப்பட்டனர். வாக்களித்த வீடுகள் பல ஆயத்தமாயிருக்கவில்லை. ஊரின் ஓரத்திலே ஒதுக்கப்பட்டனர். அங்குள்ள வேட்டை நிலங்களும் மீன் துறைகளும் முன்னரே பிறருக்கு உரியவை; எவ்விடத்திற் கடல்நாய் வரும், எந்தப் பனிக்கட்டி கால் தாங்கும் என்பதைத் தம் ஊரிலே தூக்கத்திலும் சொல்லக்கூடிய கிழவர்கள், புதிய ஊரிலே பிறரைக் கேட்டு நடக்கவேண்டியவராயினர். உறவினர் ஊர் ஊராகச் சிதறினர். வறுமையும் குடியும் வந்தன. ஊர் பெயர்ந்து உறவு பிரிந்த வாழ்வை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இப்பத்திரிகையை வாசிப்போரிற் பலர் அதை நம்மினும் நன்கு அறிவர்.

மலைகள் இவ்வாறுதான் வெறுமையாயின. தேசப்படம் பலவாண்டாகப் பிழையாகச் சொல்லிவந்ததை 1959ஆம் ஆண்டு மெய்யாக்கிவிட்டது.

ஆனால் கதை அங்கு நின்றுவிடவில்லை. லாபிரடோர் இனுயிட் மக்கள் நில உரிமை கோரி நெடுங்காலம் வாதாடினர். 2005இல் ஒப்பந்தம் நிறைவேறியது. 'நூனாட்சியாவுட்' என்ற பெயரிலே அவர்களுக்குத் தன்னாட்சிப் பிரதேசம் அமைந்தது. ஹெப்ரோன், நூட்டாக் மக்களுக்கு இழைத்த தீங்குக்காக மாகாண முதல்வர் அவ்வாண்டிலே மன்னிப்புக் கேட்டார். மலைத்தொடரின் கீழ்ப்பக்கத்தில் ஏறத்தாழ 9,700 சதுர கிலோமீற்றர் பரப்பு தேசிய பூங்காவாக ஒதுக்கப்பட்டது. அதனைக் கனடாவுக்கு இனுயிட் மக்கள் அளித்த கொடை என்றே சொல்கின்றனர். மேலாண்மைச் சபையிலே அவர்களே அமர்ந்தனர். மேலைச் சரிவிலும் 2009இல் கியூபெக் மாகாணத்தார் குரூர்யுவாக் என்னும் பூங்காவை நிறுவினர். கோடையிலே சாக்லெக் அயலில் முகாம் அமைத்து, முதியோரும் இளைஞரும் ஆராய்ச்சியாளரும் ஒருங்கு தங்கும் வழக்கம் தோன்றியது. பயணிகள் முகாமை விட்டு நடப்பதானாற் கரடிக் காவலர் துப்பாக்கியுடன் உடன்செல்வர். அக்காவலர்களும் அந்நிலத்தின் மக்களே.

2009 ஆகஸ்டிலே, பெயர்ந்து சென்றோரில் எஞ்சியிருந்த முதியோர் ஹெப்ரோனுக்குத் திரும்பினர். ஐம்பதாண்டு கழிந்திருந்தது. அங்கே நினைவுக்கல் திறந்துவைக்கப்பட்டது. பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அரசினரின் மன்னிப்பு வாசகமும், அதற்கு இனுயிட் மக்கள் அளித்த மறுமொழியும் உள்ளன. மன்னித்தோம் என்பதே அம்மறுமொழி. பலகைக் கட்டிடத்தை இனுயிட் தச்சர்கள் கோடைதோறும் சென்று பழுதுபார்த்து வருகின்றனர். அவ்வேலை குறுகிய கோடைக்குள் முடிவதன்று. ஒரு பக்கம் செப்பனிடும்போது மறுபக்கத்தைக் காற்று பதம்பார்த்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது இரவாகிவிட்டது. சிறுமி பென்சிலைத் தீட்டிக்கொண்டு வந்தாள். அச்சிட்ட புத்தகத்திலே கிறுக்கலாகாதென்று நாமே பலமுறை கடிந்திருக்கின்றோம்; அன்று கடியவில்லை. நாக்வாக் என்று எழுதினாள். ராமா, சாக்லெக் என்று எழுதினாள். ஹெப்ரோன் என எழுதப் போனவள், "அது போதகர் வைத்த பெயரல்லவோ, சித்தப்பா? அதற்கு முன்னர் என்ன பெயர்?" என்றாள்.

'கங்கெர்ட்லுக்சோவாக்' என்றோம், பெரிய விரிகுடா என்று பொருள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொன்னோம். இரண்டு முறை அழித்து எழுதினாள். அவ்வொடுங்கிய கபில நிலத்திலே அத்தனை எழுத்துக்கும் இடம் போதவில்லை. பாதிப்பெயர் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீலத்திலே நீண்டு கிடக்கின்றது.